பழைய கார் காலையில் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

ராத்திரி முழுக்க நின்ற பழைய கார் காலையில் தொல்லை கொடுத்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். மின்சாரம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள், காற்று, சூடு ஆகியவற்றில் ஏதோ ஒன்று சரியாகக் கிடைக்கவில்லை. இதில் வம்பு என்னவென்றால், ஒன்று மற்றொன்றின் வேஷம் போட்டுக்கொண்டு வரும். பேட்டரி கேபிளில் பூத்த உப்பு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் கோளாறு மாதிரி தெரியும். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால், சென்சார் கோளாறு மாதிரி தெரியும். அதனால்தான் புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார், புது பிளக் என்று வரிசையாக மாற்றிய பிறகும் வண்டி அதே இடத்தில் நிற்கிறது.

இங்கே சொல்வது 12 வோல்ட், நெகடிவ் எர்த் உள்ள (அதாவது பேட்டரியின் நெகடிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்த), கார்புரேட்டர் அல்லது ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளுக்கு. டீசலைப் பற்றி நடுவில் கொஞ்சம் உண்டு. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிடிவ் எர்த் இருக்கும், சிலவற்றில் 6 வோல்ட். வயரைத் தொடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், உப்புத்தாள், சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று. டெஸ்ட் லேம்ப் என்பது வேறொன்றுமில்லை, பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்துப் பற்றவைத்தாலே போதும். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்றால், மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரிலும் மீட்டர் ‘12 வோல்ட்’ என்று அழகாகக் காட்டும். 21 வாட் பல்பை வைத்தால் மங்கிப்போகும், அங்கேயே குட்டு வெளிப்படும். பழைய வண்டியின் வயரிங்கில் சும்மா இருக்கும்போது எடுக்கிற அளவுக்கு மதிப்பே இல்லை. வேலை செய்யும்போது எடுப்பதுதான் அளவு.

பேட்டரியைக் கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், ஸ்பானருக்கும் பாடிக்கும் நடுவே அது மாட்டினால் விரல் வெந்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், பக்கத்தில் நெருப்பு கூடாது. கடும் குளிரில் காலியான பேட்டரி உறைந்துபோகும். அப்படி உறைந்ததை சார்ஜில் போடவே கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைப் பிடுங்கி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிப்பார்கள் சிலர். டைனமோ காலத்துப் பழக்கம் அது, ஆல்டர்னேட்டரில் செய்தால் டயோடுகள் போய்விடும்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை, அல்லது முக்கி முனகிச் சுற்றுகிறது

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு இரண்டு ஈய முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் மற்ற சோதனைகளை ஒதுக்கி வைத்துவிட்டு சார்ஜ் போடுங்கள். பாதி செத்த பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவும் உங்களை ஏமாற்றும்.

நல்ல பேட்டரிகூட உறைநிலைக் குளிரில் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி எஞ்சின் கூடுதல் பலம் கேட்கும். குளிரான ஊரில் 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டு செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் என்ன செய்கிறது என்பதுதான் இங்கே பதில்.

லைட் அடியோடு மங்கி, செல்ஃப் பக்கம் ‘கட கட கட’ என்று சத்தம் வந்தால் வோல்டேஜ் சரிகிறது: பேட்டரி பலவீனம் அல்லது கேபிள் இணைப்பு கெட்டிருக்கிறது. லைட் பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வரை கரண்ட் வந்துவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. சாலினாய்டின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், செல்ஃப் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். லைட்டும் மாறவில்லை, சத்தமும் இல்லை என்றால் சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயரைப் பாருங்கள். அதில் டெஸ்ட் லேம்பை வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். பல்பு எரியவில்லையா, இக்னிஷன் சுவிட்ச் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் நியூட்ரல் சுவிட்ச் (லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் செல்ஃபை விடுவது). லீவரை நியூட்ரலுக்கு மாற்றியதும் ஸ்டார்ட் ஆகிறது, பார்க்கில் ஆகவில்லை என்றால் மேலே தேடவே வேண்டாம்.

சரி, பேட்டரி 12.6 காட்டுகிறது, ஆனாலும் முனகுகிறது. இங்கேதான் நிறையப் பேர் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது வோல்டேஜ் இழப்புச் சோதனை. ஐந்து நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி, ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் மெல்லிய சப்ளை வயரைக் கழற்றுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிடிவ் ஈய முனையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத்தின் மேலேயே. கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரில் தடித்த பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டில். சும்மா இருக்கும்போது பூஜ்யம் காட்டும். இப்போது செல்ஃபைச் சுற்றவிடுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பாதை நல்லது. அதற்கு மேல் போனால், காட்டுகிற அத்தனையும் வழியில் வீணாகிறது. பிறகு எர்த் பக்கம்: பேட்டரியின் நெகடிவ் ஈய முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் நடுவில். இங்கே 0.3-க்கு மேல் போகக் கூடாது.

கெட்ட பாதை எது என்று தெரிந்ததும் மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: முனையிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிள் நுனி, அங்கிருந்து பாடி, பாடியிலிருந்து எஞ்சின். எங்கே அளவு திடீரென ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. பெட்ரோல் வண்டியின் செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓர் இணைப்பில் 1.5 வோல்ட் இழப்பு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் 225 வாட் சூடாகப் போகிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பின்னல் எர்த் பட்டை அறுந்திருந்தால் ஒரு வினோதம் நடக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் கரண்டுக்குத் திரும்ப வழி இல்லை. அது ஆக்சிலேட்டர் கேபிள், சோக் (குளிரில் காற்றைக் குறைத்து பெட்ரோல் கலவையைக் கூட்டும் தட்டு) கேபிள் என்று கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பும். செல்ஃப் எடுக்கும்போது சோக் கேபிள் சுட்டால், புகைந்தால், புது கேபிள் போடாதீர்கள். எர்த் பட்டையைப் போடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

இதில் ஒரு ஜோடி அறிகுறி உண்டு, ஸ்பார்க்கை எலெக்ட்ரானிக்ஸ் இல்லாமல் காண்டாக்ட் பாயிண்ட் வைத்து உண்டாக்கும் பழைய பாயிண்ட் இக்னிஷன் வண்டிகளுக்கே உரியது. பல வண்டிகளில் காயிலுக்கு முன்னால் ஒரு பல்லாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். ஓடும்போது அதன் வழியாகக் குறைந்த வோல்டேஜ். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அதைத் தாண்டி நேராக பேட்டரி வோல்டேஜ். செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் செத்துப்போனால் ரெசிஸ்டர் அறுந்துவிட்டது, அல்லது சாவியின் ‘ரன்’ காண்டாக்ட் கெட்டுவிட்டது. இதற்கு நேர் எதிராக, செல்ஃப் சுற்றும்வரை ஒன்றும் இல்லை, சாவியை விடும் அந்தக் கணத்தில் ஒரு உதை உதைத்துப் பிடித்தால், தாண்டிப் போகும் வயர் வேலை செய்யவில்லை. குளிர்ந்த காலையில் பேட்டரி வோல்டேஜ் சரியும்போது இந்த வயர் இல்லாத குறை தெரியும், மத்தியானத்தில் தெரியாது. அதனால் இதைக் ‘குளிர் கோளாறு’ என்று தப்பாக எண்ணி கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் உண்டு.

மழை, பனி, ஈரம் உள்ள நாட்களில் மட்டும் தகராறு செய்தால், ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின் உள்பக்கம் பாருங்கள். பென்சில் கோடு போட்டது மாதிரி கறுப்புக் கீறல் இருந்தால் ஸ்பார்க் அந்த வழியாக ஓடிவிடுகிறது. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தால் பழைய பிளக் வயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

ஸ்பார்க் இருக்கிறது, ஆனால் பல நாள் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சினோடு சுற்றும் பம்பு அதை நிரப்ப நேரம் எடுக்கும், அது கோளாறு அல்ல. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய் வெள்ளமாகிவிட்டது: சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தில் தரைவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் கொடுங்கள். பம்ப் பண்ணினால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும்.

ஸ்டார்ட் ஆகிறது, உடனே நின்றுவிடுகிறது

கார்புரேட்டர் வண்டியில் இது சோக்கின் வேலை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் சோக் என்றால் ஆக்சிலேட்டரை ஒரு தடவை மிதித்து விடுங்கள், மேல் தட்டு மூட வேண்டும். எஞ்சின் பிடித்த உடனே வேக்குவம் டயஃப்ரம் அந்தத் தட்டைச் சில மில்லிமீட்டர் இழுத்துத் திறக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் தட்டு செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்றில் எது நடக்கவில்லை என்பதை வைத்தே கோளாறு தெரிந்துவிடும்.

தட்டு மூடவே இல்லை: பிடிக்கும், கார்புரேட்டர் வழியாகத் ‘தொப்’ என்று திருப்பித் துப்பும், நிற்கும். மூடியது, ஆனால் இழுபடவில்லை: இரண்டு விநாடி ஓடி, கரும்புகை கக்கி நிற்கும், டயஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது அதன் ரப்பர் குழாய் வெடித்திருக்கும். சூடான பிறகும் திறக்கவில்லை: நன்றாக ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போனதும் கரும்புகையும் பெட்ரோல் வாடையும். மின்சாரச் சூட்டில் திறக்கும் சோக் என்றால் எஞ்சின் ஓடும்போது அதன் முனையில் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். சோக் சப்ளையைக் காயிலிலிருந்து யாராவது எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்பார்க்கும் கெடும், சோக்கும் ஒழுங்காகச் சூடாகாது.

ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் வண்டியில் சோக் வேலையை கூலண்ட் வெப்பநிலை சென்சார் பார்க்கிறது. குளிரில் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூட்டில் குறைவு. பாஷ் வகை சென்சார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். கனெக்டரில் உப்பு பூத்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணி பெட்ரோலை அள்ளி ஊற்றும். சென்சார் ஷார்ட் ஆனால் எஞ்சின் கொதிக்கிறது என்று எண்ணிக் குளிரில் பட்டினி போடும். அதனால் சென்சாரிலேயே அளந்து நிறுத்தாதீர்கள். கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றி அந்த முனையிலும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கெட்டது வயர். பல வண்டிகளில் மீட்டர் முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார் தனி, கம்ப்யூட்டருக்கு இரட்டை வயர் சென்சார் தனி. முள் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக மற்றது நல்லது என்று நினைக்க வேண்டாம்.

ஐடிலிங் குளிரில் மட்டும் தாழ்ந்து நின்றால் கூடுதல் காற்று வால்வை (குளிரில் கொஞ்சம் அதிகக் காற்று விட்டு வேகத்தைக் கூட்டுவது) சோதியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் அதன் குழாயை இடுக்கியால் அழுத்தினால் வேகம் விழ வேண்டும். சூடான பிறகு அழுத்தினால் மாற்றமே இருக்கக் கூடாது.

டீசலில் காலையில் வெள்ளைப் புகையும் எரியாத டீசல் வாடையும் வந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்தான் காரணம். இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிடிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். பல்பு எரியாத பிளக் செத்தது. எல்லாமே நல்லது என்றால் ரிலேயிலிருந்து கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடி, சில கிலோமீட்டரில் திணறுகிறது. நிறுத்தி வைத்தால் தானே சரியாகிறது

இது ஆளைக் குழப்பும் கோளாறு, ஏனென்றால் பானெட்டைத் திறந்து பார்க்கும் நேரத்துக்குள் சாட்சி உருகிவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது. உள்ளே 20 டிகிரிகூட இறங்கலாம். வெளியே 10 டிகிரி, காற்றில் ஈரம் நிறைய என்றால், உறைநிலைக்கு மேலேயே இருந்தும் கார்புரேட்டர் வாயில் பனிக்கட்டி கட்டும். வறண்ட கடுங்குளிரில் இது அவ்வளவாக வராது, ஈரமான மிதக்குளிரில்தான் வரும். சில நிமிடம் நிறுத்தினால் எஞ்சின் சூட்டில் உருகிவிடும்.

மருந்து எளிது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்று கொண்டுவரும் மடிப்புக் குழாய் ஒன்று இருந்திருக்கும். யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். அதைத் திரும்ப மாட்டுங்கள், உள்ளே இருக்கும் தட்டு அசைகிறதா என்றும் பாருங்கள்.

சார்ஜ் விளக்கும் காலியாகும் பேட்டரியும்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரில் 14.4, பேட்டரியில் 13.2 என்றால் ஆல்டர்னேட்டர் நல்லது. நடுவில் உள்ள கேபிளைப் பாருங்கள். ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அளங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு கோளாறு.

சாவி போட்டதும் சிவப்பு சார்ஜ் விளக்கு எரியவே இல்லையென்றால் நல்லதாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் கரண்டே அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுபோகலாம். ஓடும்போது பளிச்சென்று எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது, அறுந்த பின் ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும்.

நிறுத்தி வைத்தாலே பேட்டரி காலியாகிறதா? சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகடிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் தொடராக இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் கொடுக்கக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே நாளில் பாதியாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த சர்க்யூட். டிக்கி விளக்கின் பல்பைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் தேடல் முடிந்தது. எல்லா ஃபியூஸும் பிடுங்கியும் இறங்கவில்லையா, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றுங்கள். அது பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை, கசியும் டயோடு அங்கே ஒளிந்திருக்கும்.

விளக்குகளின் வேடிக்கை

இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்கும், பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் நிற்கும், இப்படி ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்தால் அந்த விளக்குப் பெட்டியின் எர்த் போய்விட்டது. வேறு யோசனையே வேண்டாம். ஹெட்லைட் போட்டதும் வெப்பநிலை முள்ளோ பெட்ரோல் முள்ளோ நகர்ந்தால் டேஷ்போர்டு எர்த். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும்.

ஹெட்லைட் மஞ்சளாக எரிந்தால் பல்பிலேயே வோல்டேஜ் அளங்கள். 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டிகளில் மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ரிலே இரண்டு போட்டால் தீரும். அதிக வாட் பல்பு போடுவது சுவிட்சை எரிக்கும் வழி.

எஞ்சின் சூடே ஏறவில்லை

முள் கீழேயே கிடக்கிறது, ஹீட்டர் வெதுவெதுப்பாக ஊதுகிறது, மைலேஜ் இறங்கிவிட்டது, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த பசை. இவையெல்லாம் சேர்ந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. வண்டி கொதித்தது என்று யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். கொதித்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கும், அது இன்னும் அங்கேயே இருக்கும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் குழாயில் கை வையுங்கள். பல நிமிடம் குளிராகவே இருந்து, பிறகு திடீரென்று சூடாக வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானால் தெர்மோஸ்டாட் அடைக்கவில்லை. மின்விசிறி ஓயாமல் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் இதே அறிகுறிதான்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினதும் முழுக்க மூட வேண்டும். திரும்ப மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேலே இருக்கட்டும், அந்த வழியாகத்தான் காற்று வெளியேறும்.

எஞ்சின் நன்றாகச் சூடாகிறது, ஹீட்டரும் சுடுகிறது, முள் மட்டும் எழவில்லை என்றால் கோளாறு மீண்டும் மின்சாரத்தில். சாவியைப் போட்டு, சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்றி ஒரு கணம் எஞ்சினில் தொடுங்கள். முள் சூடான பக்கம் ஏறினால் மீட்டரும் வயரும் நல்லவை, சென்சார்தான் கெட்டது. அதைப் புதிதாக மாற்றியும் எழவில்லையென்றால் கழற்றி மரையைப் பாருங்கள். ஒழுகக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தால், சென்சாருக்கு எஞ்சினிலிருந்து கிடைக்க வேண்டிய எர்த் அதிலேயே நின்றுபோகும். டேப்பை உரித்துவிட்டு, வண்டியின் மாடலுக்குச் சொல்லியிருந்தால் செம்பு வாஷரோடு, மாட்டுங்கள்.